மந்தம் என்று சொல்லுமுன்

வார்டுகளைச் சுற்றிவரும்போது தாய்மார் எங்களிடம் அடிக்கடி சொல்லும் குறை இது: "ஐயா, இவனுக்குப் படிப்பே ஏறமாட்டேங்குது. வாத்தியாரு மந்தம்ங்கிறாரு."

ஆறு வயதிற்குள் பிள்ளையின் மூளை பெரியவர்களுடையதில் ஏறக்குறைய 90 சதவீத அளவை எட்டிவிடுகிறது. அதன்பின் உடல் ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் உயர்கிறது. கவனமும் ஞாபகசக்தியும் பெருகுவதும் இப்பருவத்தில்தான். இரண்டுக்கும் இரும்புச்சத்து வேண்டும். வெறுங்காலில் துளைத்து நுழையும் கொக்கிப்புழுவோ குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. 5 முதல் 11 வயதுவரை ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. பிள்ளை வகுப்பில் சோர்ந்து தூங்கும். சோம்பேறி என்று நாங்களும் சொன்னதுண்டு.

உங்கள் வீட்டிலோ ஞாயிறு பள்ளியிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால் கண்ணின் கீழிமையைத் தாழ்த்திப் பாருங்கள். வெளுத்திருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். புழு நீக்க 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையை 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலேயே கொடுக்கிறார்கள். அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்லும் நாள்வரை இரும்பு மருந்து, கீரையோடு நெல்லிக்காய். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம். அது இரும்பைச் சேரவிடாது. மாத்திரை தின்றதும் கணக்கு வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. விழித்திருந்து கேட்கப் பெலன் வரும். காலுக்குச் செருப்பும் வாங்கிக் கொடுங்கள்.