சம்மட்டி அடிக்குத் தப்பிய மெஷின்

1942-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவின் நியூயார்க் நகரம்.

போலீசார் கடை கடையாகப் புகுந்தார்கள். திருடனைத் தேடி வரவில்லை. கொலைகாரனைத் தேடியும் வரவில்லை. கடை மூலையில் 4 கால்களில் நின்ற ஒரு மரப் பெட்டியைத் தேடி வந்தார்கள்!

பெட்டிகளைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகள் சிக்கின. அவற்றைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். மேயர் லா கார்டியாவே சம்மட்டியைக் கையில் எடுத்தார். போட்டோ பிடித்தார்கள். பெட்டியின் மரக் கால்களைக்கூட விடவில்லை. அவற்றைக் கொண்டு போலீசாருக்குத் தடி செய்தார்கள் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதின.

அந்தப் பெட்டி செய்த குற்றம் என்ன?

அது ஒரு விளையாட்டு மெஷின். பெயர் "பின்பால்". அதில் விளையாடுவது சூதாட்டம் என்று தீர்ப்பு ஆயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மத்தியான சாப்பாட்டுக் காசை அதில் போட்டுத் தொலைக்கிறார்கள் என்பது மேயரின் கோபம்.

இன்று அதே மெஷினை அமெரிக்கர்கள் வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள். நிலவறையிலும், கார் நிறுத்தும் கொட்டகையிலும் வைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் பழுது பார்க்கிறார்கள். நோயாளிக்கு வைத்தியம் செய்வதுபோல் அவ்வளவு பொறுமையாகச் செய்கிறார்கள்!

ஆணியும் குண்டும்

பலகையில் ஆணி அடித்து, குண்டை உருட்டி விடும் விளையாட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் குண்டு மேலே ஓடும். ஆணிகளில் மோதி மோதிக் கீழே இறங்கும். எந்தக் குழியில் விழுகிறதோ அந்த எண் உங்களுக்கு. "பேகடெல்" என்று பெயர். ஸ்பிரிங் கம்பி வைத்ததற்கு 1871-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் உரிமை வாங்கினார், மான்டேக் ரெட்கிரேவ் என்பவர்.

பின்பால் மெஷின் அதன் பேரப்பிள்ளை. 1931-ல் சிகாகோ நகரத்து டேவிட் காட்லீப், "பேபிள் பால்" என்ற மெஷினை விற்றார். அப்போது அமெரிக்காவில் கடும் பஞ்சம். வேலை இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சினிமாவுக்குப் போகப் பணம் இல்லாதவனிடமும் 1 செப்புக் காசு இருந்தது. அந்தக் காசுக்கு இந்த மெஷின் ஆட்டம் காட்டியது. 50 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. காட்லீப், பேலி, வில்லியம்ஸ் என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் சிகாகோவில்தான் இருந்தன. வேடிக்கை என்ன தெரியுமா? அந்தச் சிகாகோ நகரத்திலேயே பல ஆண்டுகள் பின்பால் விளையாடத் தடை!

அந்தக் கால மெஷினில் ஒரு குறை உண்டு. குண்டை மேலே விட்ட பிறகு ஆடுகிறவனுக்கு வேலை இல்லை. பெட்டியைக் கொஞ்சம் தட்டலாம், ஆட்டலாம். மற்றபடி குண்டு போகிற வழி அதன் தலைவிதி! "இது அதிர்ஷ்டம்தானே, திறமை எங்கே?" என்று அதிகாரிகள் கேட்டதில் தப்பு இல்லை.

அந்தக் கேள்விக்கு 1947-ல் பதில் வந்தது.

2 கைகள்

அந்த ஆண்டு காட்லீப் கம்பெனி, "ஹம்ப்டி டம்ப்டி" என்ற மெஷினை வெளியிட்டது. ஹாரி மேப்ஸ் என்பவர் அமைத்தது. சுவரில் இருந்து விழுந்து உடைந்த முட்டையைப் பற்றிய ஆங்கிலக் குழந்தைப் பாட்டின் பெயர் அது. இந்த மெஷினில் பக்கத்துக்கு 3 ஆக, 6 சின்னக் கைகள் இருந்தன. பித்தானை அமுக்கினால் கை சட்டென்று நிமிர்ந்து குண்டைத் தட்டும். இதற்கு "பிளிப்பர்" என்று பெயர். பிறகு வந்தவர்கள் 6 கைகளை 2 ஆக்கி, பலகையின் அடியில் வைத்தார்கள். குண்டு கீழே விழுந்து ஆட்டம் முடியப் போகிற கடைசி நொடியில், ஒரு தட்டு! குண்டு மறுபடியும் மேலே!

அன்று முதல் அது கைத்திறன் விளையாட்டு ஆயிற்று. இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெஷினை வாங்கிச் சீர்திருத்துகிறவன் முதலில் காப்பாற்ற வேண்டியது இந்த 2 கைகளைத்தான். கை சோர்ந்துபோனால் மெஷின் பழையபடி சூதாட்டப் பெட்டிதான்!

பிளக்கைத் தொடாதே!

1950, 1960-களில் செய்த மெஷின்களுக்கு இப்போது 60, 70 வயது. மதுக்கடை மூலையில் உழைத்தவை. பிறகு கொட்டகையில் கிடந்தவை. எலி கூடு கட்டியிருக்கும். கால் துருப்பிடித்திருக்கும். இப்படிப்பட்ட மெஷின் வீட்டுக்கு வந்ததும், "எரிகிறதா பார்க்கலாம்" என்று பிளக்கைச் சொருகத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அதுதான் முதல் தப்பு.

கம்பியின் மேல் உறை நொறுங்கியிருக்கலாம். பியூஸ் போன இடத்தில் முன்பு வைத்திருந்தவன் தடித்த பியூசைப் போட்டிருக்கலாம். பியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வீடு எரியும்! ஆகவே அறிந்தவர்கள் முதலில் பியூஸ்களைப் பார்ப்பார்கள். பழைய 2 கம்பி ஒயரை எடுத்துவிட்டு, தரை இணைப்பு உள்ள 3 முனை ஒயர் போடுவார்கள். சுவரில் இருந்து வருவது 120 வோல்ட்டு. அது ஆளை அடித்துவிடும். உள்ளே கைகளை இயக்குவது 25, 30 வோல்ட்டு. சின்னப் பல்புகளுக்கு 6 வோல்ட்டு போதும்.

அடுத்து மெஷினின் தலை. அங்கே ஒரு கண்ணாடி. அதன் பின்பக்கம் படம் தீட்டியிருக்கும். ராய் பார்க்கர் போன்ற ஓவியர்கள் வரைந்த சிரித்த முகங்களும், சர்க்கஸ் காட்சிகளும் அதில் ஜொலிக்கும். விளக்கு எரிந்தால் படம் உயிர் பெறும். மெஷினின் மற்ற உறுப்புக்கள் கெட்டால் வேறு வாங்கலாம். ஸ்பிரிங், ரப்பர், பல்பு எல்லாம் இப்போதும் கிடைக்கும். படம் போனால்தான் வம்பு. சில மெஷின்களுக்குப் புதிதாக அச்சிட்ட கண்ணாடி கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் கிடைப்பது இல்லை.

எத்தனையோ பேர் ஆசையாக ஈரத் துணியால் பின்பக்கத்தைத் துடைத்து, முகம் தனியாக, மூக்கு தனியாகப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள்! முன்பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் துடைக்கலாம். பின்பக்கத்தை விரலாலும் தொடக்கூடாது. பெயர்ந்து நிற்கும் வர்ணம் மேலும் உதிராதிருக்க, நிறமில்லாத அக்ரிலிக் பூச்சை மெல்லிசாகத் தெளிப்பார்கள். இன்னொரு தந்திரமும் உண்டு. 44 என்ற எண்ணுள்ள பல்புகளைக் கழற்றிவிட்டு 47 என்ற எண்ணுள்ளதைப் போடுவார்கள். அது இழுக்கும் மின்சாரம் குறைவு, சூடும் குறைவு. வர்ணத்தைத் தின்பது சூடுதான்.

அழுக்குதான் நோய்

பெட்டியைத் திறந்து பார்க்கிறவனுக்கு மயக்கம் வரும். கம்பிகள்! பிசாசின் தலைமயிர் மாதிரி! கம்ப்யூட்டர் சில்லு ஒன்றுகூடக் கிடையாது. சின்ன மோட்டார் ஒன்று சுற்றும். மின்காந்தங்கள் "கிளிக் கிளிக்" என்று இழுக்கும். நூற்றுக்கணக்கான இடங்களில் தகட்டு நாக்குகள் சேரும், பிரியும். எண்ணைக் கூட்டுவது, மணி அடிப்பது, அடுத்த குண்டைத் தருவது எல்லாமே இந்த நாக்குகளின் வேலை.

"ஏதோ பெரிதாகக் கெட்டுவிட்டது" என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் ஒன்றும் கெட்டிருக்காது. நாக்கின் நுனியில் அழுக்கு ஏறியிருக்கும், அவ்வளவுதான்! மெல்லிய அரத்தால் 2 இழுப்பு. வெள்ளை அட்டையை நடுவில் வைத்து இழுத்தால் கறுப்பு வரும். கறுப்பு வருவது நின்றால் வேலை முடிந்தது. இப்படி ஒவ்வொன்றாக! ஒரு குளிர்காலம் முழுவதும் இதிலேயே போய்விடும்.

வேலையைத் தொடங்கும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கழற்றுவது 5 நிமிடம். எது எங்கே இருந்தது என்று தேடுவது 5 நாள். மெஷினோடு கம்பி இணைப்புப் படம் ஒன்றும் கொடுத்திருப்பார்கள். போர்வை மாதிரிப் பெரிய தாள். அது கிடைத்தவன் பாக்கியசாலி.

தையல் மெஷின் இறுகினால் நாம் எண்ணெய் விடுகிறோம் அல்லவா? இங்கே கண்ட இடத்தில் எண்ணெய் விட்டால் கதை முடிந்தது. மின்காந்தத்தின் நடுவே ஓடும் இரும்புத் தண்டு காய்ந்தே இருக்கவேண்டும். எண்ணெய் விட்டால் தூசியோடு சேர்ந்து பசை ஆகிவிடும். முன்பு யாரோ தாராளமாகப் போட்ட கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருப்பதைச் சுரண்டி எடுப்பதே பாதி வேலை.

கை ஏன் சோர்கிறது?

இப்போது அந்த 2 கைகளுக்கு வருவோம்.

ஒவ்வொரு கைக்கும் பின்னால் ஒரு தாமிரக் கம்பிச் சுருள். அதில் 2 சுற்று உண்டு. ஒன்று பலசாலி, கையை ஓங்கி அடிக்க வைக்கும். மற்றது சாது; நிமிர்ந்த கையை அப்படியே பிடித்துக்கொள்ளும். கை முழுக்க நிமிர்ந்ததும் ஒரு தகட்டு நாக்கு பிரிந்து, பலசாலிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும்.

அந்த நாக்கில் அழுக்கு ஏறினால்? பலசாலிக்கு மின்சாரம் போகாது. சாது மட்டும் தள்ளும். கை தூக்கக் கலக்கத்தில் எழுவதுபோல் எழும். குண்டு பாதி வழியில் திரும்பிவிடும்.

நாக்கு பிரியாமலே ஒட்டிக்கொண்டால்? அது இன்னும் ஆபத்து. பலசாலி ஓய்வில்லாமல் உழைத்து, சூடேறி, புகைந்து, கருகிவிடும்!

ஆகவே நாக்கைத் துடைத்து, கை நிமிர்ந்து முடிகிற அந்த இடத்தில் சரியாகப் பிரியும்படி வளைத்து வைக்கவேண்டும். முடி அளவு வித்தியாசம்தான். கைப்பழக்கத்தில்தான் வரும். தேய்ந்த இணைப்பு, ஆட்டம் கண்ட குழாய் எல்லாம் மாற்றவேண்டும். இவ்வளவும் செய்தபின் பித்தானை அமுக்கினால், "டப்!" அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

இந்தத் "டப்" சத்தம்தான் கோர்ட்டிலும் ஜெயித்தது. 1974-ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு, பின்பாலில் பெரும்பங்கு திறமையே என்று கூறியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் தடை போயிற்று. நியூயார்க்கில் 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் எழுத்தாளர், நகரசபையாரின் முன்னிலையில் மெஷினை வைத்து ஆடிக் காட்டினார். பித்தானைத் தட்டித் தட்டி, சொன்ன இடத்துக்குக் குண்டை அனுப்பினார். அப்படியும் சந்தேகம் தீரவில்லை. உடனே ஸ்பிரிங் கம்பியைப் பிடித்தார். "நான் சரியாக இழுத்து விட்டால், குண்டு நடுப் பாதையில் போகும்" என்றார். இழுத்து விட்டார். நடுப் பாதையிலேயே போயிற்று! 34 ஆண்டுத் தடை நீங்கியது.

அந்தக் கடைசி அடியில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்!

பழைய குண்டு வேண்டாம்

கைகள் சரியானால் பலகையைக் கவனிக்கலாம். அது மரப் பலகை. மேலே வர்ணம். குண்டு ஓடி ஓடி, கறுப்புத் தடம் விழுந்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மரம் ஊதிவிடும். துணியில் கொஞ்சமாக மருந்து தொட்டுத் துடைத்து, வர்ணம் போன இடத்தில் அதே நிறத்தைக் குழைத்துப் பூசி, மெழுகு தேய்ப்பார்கள்.

இங்கே 2 கட்சி உண்டு. எல்லாவற்றையும் புத்தம் புதிதாக்கி, கண்ணாடிபோல் பளபளவென்று பூச்சுப் போட்டுவிடுவது ஒரு கட்சி. இருக்கிற தழும்பு இருக்கட்டும், இனிமேல் தேயாமல் இருந்தால் போதும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. எத்தனையோ ஆயிரம் பேர் காசு போட்டு ஆடிய தடம் அது. அதை அழித்துவிட்டால், பழைய மெஷின் எதற்கு?

இரும்புக் குண்டை மட்டும் மாற்றியே ஆகவேண்டும். 1 அங்குலத்துக்குச் சற்று அதிகமான குறுக்களவு. எடை 80 கிராம். விலை அற்பம். பழைய குண்டில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் இருக்கும். அது ஓடுகிற இடத்தில் எல்லாம் உப்புத் தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் வர்ணத்தைத் தின்றுவிடும். ஒரு மாதம் உட்கார்ந்து பூசிய வர்ணத்தை ஒரே சாயங்காலத்தில்!

எல்லாம் முடித்து ஆட்டம் தொடங்கினால், சில சமயம் உடனே நின்றுவிடும். "டில்ட்" என்று விளக்கு எரியும். பயப்படவேண்டாம். பெட்டியைத் தூக்கி ஆட்டி ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்க உள்ளே ஒரு காவல்காரன் உண்டு. ஒரு வளையத்தின் நடுவே தொங்கும் சின்ன ஊசல்தான் அது. பெட்டி குலுங்கினால் ஊசல் வளையத்தைத் தொடும், ஆட்டம் போச்சு! பெட்டியை நகர்த்தும்போது ஊசல் வளையத்தில் சாய்ந்திருக்கும். நேராக்கினால் போதும். இது தெரியாமல் 2 நாள் கம்பி கம்பியாகத் தேடினவர்கள் உண்டு.

கடைசியாக, பின்கால்களின் திருகைச் சுற்றிப் பலகைக்குச் சரிவு வைக்கவேண்டும். அந்தக் கால மெஷின்களுக்கு மூன்று நான்கு டிகிரி சரிவுதான். அதிகம் வைத்தால் சோர்ந்த கைகளுக்குக் குண்டை மேலே தள்ள முடியாது. பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். முதல் குண்டு யாருக்கு என்று சண்டை வரும்.

எண்ணிக்கை குறித்த அளவைத் தாண்டினால் இனாமாக ஒரு ஆட்டம் கிடைக்கும். அதைச் சொல்ல மணி அடிப்பது இல்லை. பெட்டியின் மரத்தை உள்ளே இருந்து ஒரு இரும்புத் தண்டு ஓங்கி அடிக்கும். "டொக்!" துப்பாக்கி வெடித்ததுபோல் இருக்கும். மாடியில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து வந்துவிடுவார்கள்.