ஃபைலின் அளவு வேறு, அது பிடிக்கும் இடம் வேறு

விண்டோஸ் கணினியில் ஏதாவது ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறந்து பாருங்கள். 'சைஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இன்னொரு வரி. இரண்டு எண்களும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. இதைக் கண்டு டிஸ்கில் ஏதோ கோளாறு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கோளாறு ஒன்றுமில்லை. முதல் எண், ஃபைலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, அந்த ஃபைலுக்காக டிஸ்கில் எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. டிஸ்க் நிரம்புவது இந்த இரண்டாவது கணக்குப்படிதான்.

ஹார்ட் டிஸ்குக்கு ஃபைல், ஃபோல்டர் எதுவும் தெரியாது. வரிசை எண் போட்ட செக்டர்கள் மட்டும்தான் அதற்குத் தெரியும். பழைய டிஸ்குகளில் ஒரு செக்டர் 512 பைட். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் 4,096 பைட். எந்த ஃபைல் எந்தெந்த செக்டரில் கிடக்கிறது, எவை காலியாக இருக்கின்றன என்று கணக்கு வைத்துக்கொள்வது ஃபைல் சிஸ்டத்தின் வேலை. 1993-இல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ், பென் டிரைவுகளில் இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட், லினக்ஸின் இஎக்ஸ்டி4 எல்லாம் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

கோடிக்கணக்கான செக்டர்களுக்கு ஒவ்வொன்றாகக் கணக்கு எழுதினால் அந்தக் கணக்கே மலைபோல் வளர்ந்துவிடும். அதனால் சில செக்டர்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டராக வைத்துக்கொள்கிறார்கள். இடம் ஒதுக்குவது கிளஸ்டர் கணக்கில்தான். பாதி கிளஸ்டர் கிடையாது. ஒரு ஃபைல் ஒரு கிளஸ்டரில் கொஞ்சம்தான் உட்கார்ந்திருந்தாலும் மிச்ச இடம் அடுத்த ஃபைலுக்குப் போகாது. என்டிஎஃப்எஸ்ஸில் சாதாரணமாக ஒரு கிளஸ்டர் 4 கேபி. 3 கேபி ஃபைலுக்கும் 4 கேபி போகும். 4 கேபியை ஒரே ஒரு பைட் தாண்டினாலும் 8 கேபி போய்விடும்.

நீங்களே செய்து பார்க்கலாம். நோட்பேடைத் திறந்து 'அம்மா' என்று மட்டும் தட்டச்சு செய்து சேமியுங்கள். யூனிகோடில் இந்தச் சொல் ஐந்து குறிகள்: அ, ம, புள்ளி, ம, கால். இன்று வழக்கத்தில் இருக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக மொத்தம் 15 பைட். இந்த ஃபைலை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்த 64 ஜிபி பென் டிரைவுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் அந்த அளவு டிரைவுக்குத் தானாகப் போடும் கிளஸ்டர் 128 கேபி. 15 பைட்டுக்கு டிரைவில் 1,31,072 பைட் ஒதுக்கப்பட்டுவிடும்.

அதே ஃபைல் என்டிஎஃப்எஸ் டிஸ்கில் இருந்தால் 'சைஸ் ஆன் டிஸ்க்' என்ற இடத்தில் 0 என்று காட்டும். ஒவ்வொரு ஃபைலின் பெயர், தேதி முதலான விவரங்களை எழுத என்டிஎஃப்எஸ் வழக்கமாக 1 கேபி அளவுள்ள பதிவு ஒன்றை வைத்திருக்கிறது. ஃபைல் சில நூறு பைட்டுக்குள் அடங்கிவிட்டால், உள்ளே இருப்பதையும் அந்தப் பதிவிலேயே எழுதிவிடும். தனியாக கிளஸ்டர் தேவைப்படாது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஒரு ஃபைலில் வீணாகும் 100 கேபியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் ஒரு புரோகிராமரின் ஃபோல்டரில் 3 கேபி அளவில் 20,000 ஃபைல்கள் இருப்பது சாதாரணம். உள்ளடக்கம் சுமார் 60 எம்பி. என்டிஎஃப்எஸ் டிஸ்கில் சுமார் 80 எம்பி பிடிக்கும். 128 கேபி கிளஸ்டர் உள்ள பென் டிரைவிலோ ஏறக்குறைய இரண்டரை ஜிபி! இப்படிப்பட்ட ஃபோல்டரை ஜிப் செய்து ஒரே ஃபைலாக்கிக் கொண்டுபோவதே நல்லது. இடமும் மிச்சம், காப்பி ஆகும் நேரமும் மிச்சம்.

அப்படியானால் கிளஸ்டரை எப்போதும் சிறிதாகவே வைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் சினிமா, வீடியோ போன்ற பெரிய ஃபைல்களுக்குப் பெரிய கிளஸ்டர்தான் வசதி. கணக்கு சுருங்கும், ஃபைல் துண்டு துண்டாகச் சிதறுவதும் குறையும். 2 ஜிபி படத்தில் கடைசி கிளஸ்டரில் மட்டும்தான் கொஞ்சம் வீணாகும். கேமரா கார்டுகளுக்கு எக்ஸ்ஃபேட் பொருத்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய ஃபேட்32 அங்கே தடுமாறும். ஃபைலின் அளவை எழுத அதில் 32 பிட் மட்டுமே இருப்பதால் 4,29,49,67,295 பைட்டைத் தாண்டிய எதையும் அது ஏற்காது. பென் டிரைவில் 20 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி வீடியோ ஏறவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

1 டிபி என்று வாங்கிய டிஸ்க் 931 ஜிபி காட்டுவது வேறு விஷயம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. யாரும் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதே டிஸ்கை மேக்கில் செருகினால் 1 டிபி என்றே காட்டும்.

லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்களை வதைக்கும் சிக்கல் ஒன்று உண்டு. டிஸ்கில் பாதி காலியாக இருக்கும், ஆனால் இடமில்லை என்று பிழைச்செய்தி வரும். இஎக்ஸ்டி4-இல் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு, அதாவது ஒரு விவரப் பதிவு, வேண்டும். எத்தனை ஐநோடு என்பது ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும். லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள் சேர்ந்து ஐநோடுகள் தீர்ந்துவிட்டால் புதிதாக ஒரு ஃபைல்கூட உருவாக்க முடியாது. 'டிஎஃப்' கட்டளையுடன் 'ஐ' சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். போதாததற்கு, மொத்த இடத்தில் 5 சதவீதத்தை இஎக்ஸ்டி4 வழக்கமாக ரூட் பயனருக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கும்.

இனி, அழிப்பது. டெலீட் அழுத்தினால் ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகிறது. அதுவும் அதே டிஸ்கில் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான் என்பதால் ஒரு பைட் இடம்கூடத் திரும்பக் கிடைக்காது. ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தாலும், இந்தக் கிளஸ்டர்கள் இனி காலி என்று ஃபைல் சிஸ்டம் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பதிவேட்டில் உரிமையாளர் பெயரை அடித்துவிட்டால் வீடு இடிந்துவிடாது அல்லவா? காப்பி ஆக நிமிடக்கணக்கில் எடுத்துக்கொண்ட படம் கண்ணிமைக்கும் நேரத்தில் அழிவது இதனால்தான். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அப்படியே கிடக்கும்.

ஆகவே முக்கியமான ஃபைலைத் தவறி அழித்துவிட்டால், அந்த டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள். மீட்டெடுக்கும் மென்பொருளைக்கூட வேறு டிஸ்கில் நிறுவுங்கள். எஸ்எஸ்டியில் இந்த அவகாசம் கிடைப்பது அரிது. எந்தப் பகுதிகள் காலி என்பதை ட்ரிம் கட்டளை மூலம் விண்டோஸ் உடனே தெரிவித்துவிடும், எஸ்எஸ்டி தன் போக்கில் அவற்றைத் துடைத்துவிடும்.

பழைய ஹார்ட் டிஸ்கை விற்கப் போகிறவர்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குவிக் ஃபார்மட் கணக்கை மட்டும்தான் புதிதாக எழுதுகிறது. உங்கள் குடும்பப் புகைப்படங்களும் வங்கி ஆவணங்களும் உள்ளேயேதான் இருக்கும். ஃபார்மட் செய்யும்போது 'குவிக் ஃபார்மட்' என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். விஸ்டா முதல் வந்த விண்டோஸ் எல்லாம் அப்போது டிஸ்க் முழுக்கப் பூஜ்யத்தை எழுதும். மணிக்கணக்கில் ஆகும். ஆகட்டும், காத்திருங்கள்.