நண்பர் வினாவும் நன்னூல் வினாவும்

வினாவுதல் மக்கட்குரிய சிறப்பியல்புகளுள் ஒன்று. மழலை மாறாத குழவியும் "இஃது என்ன?" என்று கேட்டே உலகை அறியத் தொடங்குகின்றது. நம் முன்னோர் வினாவை இலக்கணப் பொருளாகவே கொண்டு ஆராய்ந்தனர். நன்னூலார் அதனை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகைப்படுத்தினார். தான் அறிந்த ஒன்றைப் பிறன் அறிவானோ எனச் சோதித்தற்குக் கேட்பது அறிவினா. தான் அறியாததனை அறிதற்பொருட்டுக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ எனத் துணியாது கேட்பது ஐயவினா. இம்மூன்றே ஈண்டு நமக்கு வேண்டுவன.

மாணவர் விடுதிகளில் இராவுணவுக்கும் படிப்பு மணிக்கும் இடையே நண்பர் சிலர் கூடிப் பொழுதுபோக்காக விஞ்ஞான வினாக்களை ஒருவர்க்கொருவர் தொடுத்து மகிழ்தல் உண்டு. ஒருவன் வினவ, ஏனையோர் விடை பகர்வர். விடை தவறின் நகைப்பு, சரியாயின் ஆரவாரம். "இஃது வீண் பொழுதுபோக்கு, விடை வேண்டின் சட்டைப்பையிலுள்ள கைப்பேசி நொடியில் தருமே" என்பார் உளர். அவர் கூற்றுப் பொருந்துமா என்பதனை இவ்விளையாட்டில் வழங்கும் சில வினாக்களைக் கொண்டே ஆராய்வோம்.

"உலகில் மிக உயர்ந்த மலை யாது?" என்பது பழகிய வினா. எவரெஸ்ட் என்பது எல்லார்க்கும் தெரிந்த விடை. கடல் மட்டத்தினின்று அளப்பின் அதன் உயரம் 8,848.86 மீட்டர் என 2020-ஆம் ஆண்டில் நேபாளமும் சீனமும் ஒருங்கே அறிவித்தன. ஆயின், கூட்டத்தில் ஒருவன் "எங்கிருந்து அளந்தாய்?" என்று கேட்டுவிடின் விடை அசையத் தொடங்கும். நம் பூமி முழு உருண்டையன்று. நடுவில் சிறிது புடைத்தது. நிலநடுக்கோட்டின் ஆரம் துருவ ஆரத்தினும் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் மிகுதி. ஆதலின், பூமியின் மையத்தினின்று அளப்பின், நிலநடுக்கோட்டுக்கு அணித்தாய் எக்குவடோர் நாட்டிலுள்ள சிம்பராசோவின் சிகரமே எவரெஸ்டினும் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் அப்பால் நிற்கின்றது. இனி, அடியிலிருந்து முடிவரை அளப்போமெனின், ஹவாய்த் தீவிலுள்ள மௌனா கியா மலை கடலடியினின்று 10,000 மீட்டருக்கு மேல் எழுந்து முந்திவிடும். அறிவினாவாகப் புறப்பட்டது இங்ஙனம் ஐயவினாவாக முடிந்தது. குற்றம் விடையில் இல்லை. அளவுகோலைக் கூறாது விடுத்த வினாவிலேயே உள்ளது.

இதனை ஒத்ததே வெள்ளிக் கிரகத்தைப் பற்றிய வினா. "எந்தக் கிரகத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டினும் நீண்டது?" எனக் கேட்டு, "வெள்ளி" என விடை கூறுவர். வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற நம் நாட்கணக்கில் 243 நாட்களும், ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர 225 நாட்களும் ஆகின்றன. எனவே விடை சரியென்றே தோன்றும். ஆனால், நாளென்பது ஒரு ஞாயிற்றெழுச்சிக்கும் அடுத்த எழுச்சிக்கும் இடைப்பட்ட காலம் எனக் கொண்டால், அங்கு ஒரு நாள் ஏறத்தாழ 117 நாட்களே. அஃது ஆண்டிற் பாதியளவினது. வெள்ளி பூமிக்கு எதிர்முறையாய்ச் சுழல்வதே இதற்குக் காரணம். 'நாள்' என்னும் ஒரு சொல்லின் பொருள் வரையறுக்கப்படாமையால் விடை இரண்டாயிற்று. சொற்பொருள் ஆராய்ச்சி தமிழ் பயில்வார்க்கே உரியதன்று, விஞ்ஞானிக்கும் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும்.

எல்லாரும் ஒப்பிய விடையையும் மீண்டும் வினவலாம் என்பதற்குச் சர் சி. வி. இராமன் சான்றாவார். வானம் நீலமாய்த் தோன்றுவது, காற்றின் நுண்ணிய மூலக்கூறுகள் நீல ஒளியைச் செவ்வொளியினும் மிகுதியாய்ச் சிதறுவதனால் என ராலே பிரபு விளக்கியிருந்தார். கடலின் நீலமோ வானத்தின் பிரதிபலிப்பே என்பதும் அவர் கருத்து. 1921-ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பிரயாணத்தில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்ட இராமன் அவ்விடையால் அமைதி கொள்ளவில்லை. மீண்டுவருங்கால் நார்குண்டா என்னும் கப்பலில் நின்று, ஒரு சிறு நிக்கல் பட்டகத்தின் உதவியால் நீர்ப்பரப்பிற் பட்டு மீளும் ஒளியை விலக்கி நோக்கினார். அப்பொழுதும் கடல் நீலமாகவே காணப்பட்டது. நீரே ஒளியைச் சிதறுகின்றது என்று அவர் துணிந்தார். அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சி, 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இராமன் விளைவைக் கண்டதிலும், 1930-இல் நோபெல் பரிசு பெற்றதிலும் சென்று முடிந்தது. எனினும் கடலின் கதை அத்துடன் முடியவில்லை. நீர் செவ்வொளியைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்ளுதலே அதன் நீலத்துக்குத் தலைமையான காரணம் என்று இக்காலத்தார் கூறுகின்றனர். விடையைத் திருத்திய விடையும் திருத்தம் பெற்றது!

இனி, நகைப்பைப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். 1963-ஆம் ஆண்டில், இன்று தான்சானியா எனப்படும் நாட்டில், எராஸ்டோ எம்பெம்பா என்னும் பள்ளி மாணவன் ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தான். காய்ச்சிய பாலை ஆறவைத்த பின்னரே உறைபெட்டியில் வைத்தல் வழக்கம். இடம் போய்விடுமென்று அஞ்சிய அவன் சூட்டோடே வைத்துவிட்டான். ஆறிய பாலினும் சூடான பால் முன்னர் உறைந்தது! காரணம் கேட்டான், "நீ மயங்கினாய்" என்பதே ஆசிரியர் விடை. பின்னர், டெனிஸ் ஆஸ்போர்ன் என்னும் பௌதிகப் பேராசிரியர் அவன் பயின்ற பள்ளிக்கு வந்தபோது அதே வினாவைத் தொடுத்தான். உடன்பயில்வோர் நகைத்தனர். பேராசிரியரோ நகையாது, தம் ஆய்வுச்சாலையிற் சோதித்துப் பார்த்தார். 1969-இல் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆவியாதல், நீரிற் கரைந்த வாயுக்கள், நீரின் உள்ளோட்டம் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அத்தகைய விளைவே இல்லை என்பாரும் உளர். வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஒரு சிறுவனின் வினா, அறிஞர் அனைவர்க்கும் அறியாவினாவாய் நிற்கின்றது. அன்று அந்நகைப்புக்கு அஞ்சி அவன் வாய் மூடியிருப்பின் அவ்வாராய்ச்சி எழுந்திராது.

நண்பர்களே! மேற்கூறியவற்றால் இவ்விளையாட்டுக்கு மூன்று விதிகள் பெறப்படும். வினவுவோன் தன் அளவுகோலையும் சொற்பொருளையும் வரையறுத்துக் கூறுக. விடையிறுப்போன் விடையோடு காரணமும் உரைக்க; காரணமற்ற விடைக்குப் பாதி மதிப்பே தருக. எவர்க்கும் விடை தோன்றாத வினாவை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, மறுநாள் விஞ்ஞான ஆசிரியரை அணுகிக் கேட்க. இவற்றுக்கெல்லாம் மேலாக, எளியதாகத் தோன்றும் வினாவைக் கேட்டவனை எவரும் எள்ளாதிருத்தல் வேண்டும். முதன்முறையாகத் தன் ஊர் விட்டுவந்து கூச்சத்தோடு கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்திருப்பவன் மனத்திலும் ஓர் எம்பெம்பாவின் வினா இருத்தல் கூடும். ஒருமுறை எள்ளப்படின் அவன் மறுமுறை கேளான்.

கைப்பேசி விடை தரும் என்பது மெய்யே. ஆயின் "எங்கிருந்து அளந்தாய்?" என்று நம்மைத் திருப்பிக் கேட்கவும், நம் விடையை ஏற்காது வழக்காடவும், நாமறியாததை நம்மோடு இருந்து தேடவும் நண்பன் வேண்டும். அறிவினாவில் தொடங்கி அறியாவினாவில் முடியும் மாலைப்பொழுது வீணான பொழுதன்று. கல்வி தொடங்கும் பொழுதே அது.