சிறிய கிண்ணம், ஆறு வேளை

இரைப்பையில் வந்த புற்றுநோய்க்காக நான்கு வருடங்களுக்கு முன் எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்ட வயிறு, நாலு மேசைக்கரண்டி கஞ்சியோடு நிறைந்துபோனது. தெல்லிப்பழை கிளினிக் வாங்கில் காத்திருக்கும்போது புதிதாக வரும் சகோதரிகள் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, என்னத்தைச் சமைக்கிறது?" அவர்களுக்குச் சொல்வதையே இங்கு எழுதுகிறேன்.

முன்பெல்லாம் வடக்கிலிருந்து பலர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மகரகம வரை போய்த் தங்கவேண்டியிருந்தது. 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து சேர்த்த நிதியில், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. மருந்து இப்போது வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் உணவு எங்கள் கையில்தான் இருக்கிறது.

படிப்படியாக ஏறவேண்டும்

முதல் நாட்களில் வைத்தியசாலையில் தெளிந்த நீராகாரம் மட்டும் தருவார்கள். பின்னர் பால், வடித்த கஞ்சி, சூப் போன்ற திரவ உணவு. அதன்பின் கட்டியில்லாமல் மசித்த உணவு. அடுத்தது முள்ளுக்கரண்டியால் நசுக்கக்கூடிய மென்மையான உணவு. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டுக் கிழமைகள் செல்லலாம். எந்தப் படிக்கு எப்போது போவது என்பதை உங்கள் வைத்தியரே சொல்லவேண்டும். தையல் ஆறுவது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

உடற்பருமனைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்குவோருக்கும் ஏறத்தாழ இதே படிகள்தான். கனடாவில் இருக்கும் என் மச்சாளுக்கு அந்தச் சத்திரசிகிச்சை நடந்தபோது, தொலைபேசியில் இருவரும் எங்கள் கிண்ணங்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். அவளிடம் புரதமா ரின், என்னிடம் மைசூர்ப்பருப்பு. ஒரு வித்தியாசம் உண்டு. அவள் நிறை குறையவேண்டும், நான் நிறையைக் காப்பாற்றவேண்டும். ஆகவே அவள் எண்ணெயைத் தவிர்த்தாள். நான் ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய்ப்பாலோ கலந்தேன்.

ரின் உணவு இல்லாமலும் முடியும்

2022இல் பால்மா விலை ஏறியபோது எம்மிற் பலர் கலங்கிப்போனோம். விலை கூடிய ரின் மா வாங்க வழியில்லாத வீட்டிலும் புரதத்துக்கு வழியுண்டு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அவித்த பருப்பு அரைக் கப்பில் 8 அல்லது 9 கிராம். முள் நீக்கிய மீன் 50 கிராமில் 10 கிராம். எனது நிறைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தேவை என்றார்கள்.

மசித்த உணவு எடுத்த காலத்தில் என் ஒரு நாள் இப்படியிருந்தது:

காலை 6.30: பால் விட்டு வடித்த குரக்கன் கஞ்சி, அரைக் கப்.
காலை 9.00: ஆவியில் அவித்து, பால் சேர்த்து மசித்த முட்டை ஒன்று.
முற்பகல் 11.30: மைசூர்ப்பருப்பும் கரட்டும் அவித்து அரிதட்டில் வடித்தது, அரைக் கப்.
பிற்பகல் 2.00: குழைந்த சோறு இரண்டு கரண்டி, முள் நீக்கி மசித்த விளைமீன், உறைப்பில்லாத சொதி.
மாலை 4.30: தயிரில் மசித்த வாழைப்பழம்.
இரவு 7.30: பூசணிக்காயும் மீனும் சேர்த்து மசித்தது.

பால்மா இரண்டு மூன்று கரண்டியைக் கஞ்சியிலும் பூசணியிலும் கலந்தால் கணக்கு 50ஐ நெருங்கும். கிண்ணத்தில் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள், வயிறு நிறைந்தால் சோறு மிஞ்சட்டும். கிறைண்டர் இல்லாவிட்டால் நன்றாக அவித்து, மத்தால் கடைந்து, அரிதட்டில் தேய்த்தால் போதும். சூடை போன்ற முள் மீனைத் தவிர்த்துவிடுங்கள். மென்மையான உணவுக்கு வந்தபின் சொதியில் ஊறிய இடியப்பம் நல்லது. காய்ந்த புட்டும் பாணும் தொண்டைக்குக் கீழே அடைக்கும். பனங்கிழங்கு, தோடம்பழச் சக்கை போன்ற நார்ப்பொருள்கள் சிறிய இரைப்பையில் கட்டிபட்டு நின்றுவிடக்கூடும்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்கவேண்டாம். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து, மிடறு மிடறாகக் குடியுங்கள். சீனித் தேத்தண்ணி, சோடா, பாயாசம் முதலியவை விரைவாகக் குடலுக்குள் இறங்கி, வியர்வையும் படபடப்பும் வயிற்றோட்டமும் தரலாம். வெறும் தேத்தண்ணியும் சாப்பாட்டோடு சேர்ந்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். சாப்பிட்ட உடனே படுக்கவேண்டாம். இரைப்பையை முழுதாக எடுத்தவர்களுக்கு உயிர்ச்சத்து பி12 உணவிலிருந்து போதியளவு சேராது. அவர்கள் வாழ்நாள் முழுவதும் ஊசி போடவேண்டும். பகுதியை எடுத்தவர்களும் இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிப் போனாலோ, காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ வந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

முதல் கிண்ணம் யாருக்கு?

சமையல் கடினமல்ல. கடினமான விடயம் வேறொன்று. 1990இல் இடம்பெயர்ந்த நாளிலிருந்து எங்களிற் பலர் கடைசியாய்ச் சாப்பிட்டே பழகியவர்கள். பிள்ளைகளுக்குப் போட்டு, வயதானவர்களுக்குப் போட்டு, பானையில் மிஞ்சியதைத் தண்ணீர் விட்டுக் குடித்தோம். நிவாரண அரிசியில் அது தேவையாயிருந்தது, அதைத் தியாகம் என்றும் சொன்னார்கள். முக்கால் இரைப்பை போனபின் அதே பழக்கம் ஆளை வீழ்த்திவிடும். மதியம் ஒரு கோப்பை நிறையச் சாப்பிட்டு இரண்டு வேளையை ஈடுசெய்ய இந்த வயிற்றால் முடியாது. தவறிய வேளை தவறியதுதான்.

ஒரு வீட்டில் மாமியார், "எந்த நேரமும் கிண்ணத்தோடை இருக்கிறாள்" என்று சொன்னதால் மருமகள் அறைக்குள் ஒளித்துச் சாப்பிட்டதை நான் அறிவேன். இன்னொரு சகோதரி விரத நாளில் இரவுவரை ஒன்றும் தொடாமல் மயங்கி விழுந்தாள். அவளை வைத்தியரிடம் கேட்கச் சொன்னோம். விரத நாளிலும் பாலும் பழமும் நேரத்துக்கு எடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். அதற்காக அம்மன் கோபிக்கப் போவதில்லை.

நான் செய்தது இதுதான். காலையில் சமைத்தவுடன், மற்றவர்களுக்குப் பரிமாறுமுன், மூன்று சிறிய மூடிக் கிண்ணங்களில் என் பங்கை எடுத்து வைத்தேன். குளிர்சாதனப்பெட்டி இல்லாததால் மத்தியானம் மீண்டும் புதிதாகச் சமைத்து, அடுத்த மூன்றையும் எடுத்தேன். அந்தக் கிண்ணங்கள் மருந்து என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்தேன். நேரம் வந்தால் என் கடைசி மகன் மணி பார்த்து, "அம்மா, மருந்து" என்பான்.

வீட்டில் ஒரு பெண்ணுக்கு இந்தச் சத்திரசிகிச்சை நடந்திருந்தால், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நிற்கவேண்டாம். அவள் "பிறகு சாப்பிடுறன்" என்றுதான் சொல்வாள். முதல் கிண்ணத்தை நிரப்பி அவள் கையில் கொடுங்கள்.