சம்பளத்தின் தளமும் படியும்

கிள்ளானில் ஒரு பட்டறை. அங்கே பத்தாண்டு உழைத்தவர் 1,650 வெள்ளியும், புதிதாகச் சேர்ந்தவர் 1,500 வெள்ளியும் வாங்கி வந்தனர் என்று வைத்துக்கொள்வோம். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆயிற்று. முதலாளி இருவரையும் அந்த எண்ணுக்கு உயர்த்தினார். சட்டத்தை அவர் மீறவில்லை. ஆனால் பத்தாண்டு உழைப்பின் அடையாளமாக இருந்த 150 வெள்ளி இடைவெளி மறைந்துவிட்டது.

குறைந்தபட்சச் சம்பளம் என்பது, அதற்குக் கீழே போகாதே என்று சட்டம் இடும் தளம். தீபகற்ப மலேசியாவில் 2013 சனவரியில் மாதம் 900 வெள்ளியாக அது தொடங்கியது. வேலையில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று அது கேட்பதில்லை.

தளமே கூரையாகிவிடுவதும் உண்டு. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் அதைக் கண்டார்கள். 1920களின் இறுதியில் இந்தியத் தொழிலாளருக்கென நிர்ணயிக்கப்பட்ட கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்தபோது அதுவும் குறைந்தது. சீனத் தொழிலாளரோ அதைவிடக் கூடுதலாகப் பெற்றனர். சமசம்பளம் கேட்டு 1941இல் வேலைநிறுத்தம் மூண்டது. துரைமுன் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று! மே மாதம் தலைவர் ஆர். எச். நாதன் கைதானார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர்.

அனுபவத்துக்கு மதிப்புத் தரும் முறையை ஓர் எதிர்பாராத இடத்தில் பார்க்கலாம். அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளில் குறைந்தபட்சச் சம்பளம் ஒரே தளமன்று, படிக்கட்டு. ஆட்டக்காரர் சங்கம் பேசி முடித்த கூட்டு ஒப்பந்தப்படி, 2024-25 பருவத்தில் புதியவருக்குச் சுமார் 11 இலட்சத்து 57 ஆயிரம் டாலர். பத்தாண்டு ஆடியவருக்கு 33 இலட்சத்து 3 ஆயிரம். தொகையைக் கேட்டு மலைக்க வேண்டாம், முறையைக் கவனியுங்கள்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மூத்தவருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமென்றால், அவரைக் கழித்துவிட்டு இளைஞனை எடுக்கத்தானே குழுக்கள் பார்க்கும்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் வரும் மூத்தவருக்கு, இரண்டாண்டு அனுபவமுள்ளவரின் தொகையைத்தான் (2024-25இல் 20 இலட்சத்து 87 ஆயிரம்) குழு ஏற்கிறது. மீதியை லீக் ஈடுசெய்கிறது. ஆக, இரண்டாண்டு ஆடியவரானாலும் பத்தாண்டு ஆடியவரானாலும் குழுவுக்குச் செலவு ஒன்றுதான். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு!

நம் நாட்டில் இத்தகைய பொதுப்பை கிடையாது. ஆண்டு உயர்வு, அனுபவப்படி ஆகியவற்றைத் தொழிற்சங்கமும் முதலாளியும் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதித் தொழில் நீதிமன்றத்தின் ஏற்பைப் பெற்றால், அவை இருவரையும் கட்டுப்படுத்தும். சங்கம் இல்லாத பட்டறையிலோ, அந்தப் பத்தாண்டுக்காரர் தாமே முதலாளியின் அறைக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டியதுதான்.