புத்தகத்தை மூடியபின்

மாசி பிறந்ததும் நம் இல்லங்களில் பரீட்சைக் காய்ச்சல் தொடங்கிவிடுகிறது. மாற்றலாகி வடக்கே வந்த குடும்பங்களில் கவலை இருமடங்கு. ஊரில் வகுப்பிலேயே முதல்வனாக விளங்கிய சிறுவன், இங்கே கடைசி வரிசையில் அமர்ந்து, "எனக்கு இந்தி வராது, அம்மா" என்று முடிவு கட்டிவிடுகிறான். க என்னும் நம் ஓரெழுத்துக்கு அங்கே நான்கு. அவன் மருளுவதில் வியப்பில்லை. "உன்னால் முடியும், இன்னும் இருமுறை படி" என்கிறோம் நாம். இவ்விரு அறிவுரைகளுமே போதா.

அமெரிக்க உளவியலறிஞர் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். கல்லூரி மாணாக்கருள் ஒரு சாரார் ஒரு பகுதியை நான்கு தவணை படித்தனர். மற்றொரு சாரார் ஒரு தவணை படித்து, பின் மூன்று தவணை நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, படித்தவர்களே முந்தினர்: நூற்றுக்கு 83, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் சென்றதும் நிலை தலைகீழாயிற்று. படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. இதில் நம் நெஞ்சைத் தைப்பது வேறொன்று. தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று மிகுதியாக நம்பியவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்களே!

ஆகவே, நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆல்பர்ட் பண்டூரா என்னும் அறிஞர் 1977-இல் இதனை ஆராய்ந்தெழுதினார். பிறர் ஊக்குவிக்கும் சொல்லினும், தானே செய்து வென்ற அனுபவமே தன்திறனில் உறுதியான நம்பிக்கை தரும் என்பது அவர் முடிபு.

நாம் அறிந்த ஓர் இல்லத்தில், இந்தி அறியாத அன்னையார் ஒருவர் இதனைச் செய்து பார்த்தார். இரவுதோறும் பத்துச் சொற்கள். மகன் படித்ததும் புத்தகம் அன்னையார் மடிக்குப் போய்விடும். அவன் நினைவிலிருந்து எழுத வேண்டும். எழுத்தின் வடிவை நூலோடு ஒப்பிட்டு அவரே திருத்துவார். தவறியவை மறுநாளும், தேறியவை சில நாள் விட்டும் திரும்ப வரும். முதல் நாள் தேறியவை 3. சிறுவன் முகம் வாடிற்று. அன்னையார் ஒன்றும் சொல்லாமல் அம்மூன்றையும் வட்டமிட்டார். பதினைந்தாம் நாள் வட்டங்கள் 8.

இப்போது மகன் அன்னையாருக்கு இந்தி கற்பிக்கிறான். நான்கு ககரங்களில் இரண்டைத்தான் அவர் இதுவரை பிரித்தறிந்திருக்கிறாராம்.