படகின் மேனியும் அதற்கேற்ற காப்பும்

நிலத்தை உழுது வாழ்வோருக்கு ஏரும் மாடும் எவ்வாறோ, கடலை நம்பி வாழ்வோருக்குப் படகும் அவ்வாறே. கலப்பை பழுதுற்றால் அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கி அன்றைய உழவை முடித்துக்கொள்ளலாம். நடுக்கடலில் படகு பழுதுற்றால் இரவல் கேட்பதற்கு அங்கே எவரும் இல்லை. ஆகவே, படகின் மேனியைப் பேணுதல் என்பது அழகு பற்றிய செய்தியன்று. உயிரும் முதலும் பற்றிய செய்தியாகும். கடலோரப் பஞ்சாயத்துகளின் உறுப்பினர்கள் இதனைத் தெரிந்துகொள்வது நலம் என்று கருதி, இக்கட்டுரையில் சில விஷயங்களை எடுத்துரைக்கிறோம்.

தூத்துக்குடிக் கரைக்குப் படகுத் தொழில் புதிதன்று. முத்துப் பார்களுக்குக் குளியாட்களை ஏற்றிச் சென்றவை பலகை வைத்துக் கட்டிய வள்ளங்களே. இக்கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டில் நடைபெற்றது. அதன் பின்னரும் வள்ளங்கள் சங்கு குளிப்பதற்கும் மீன் பிடிப்பதற்கும் உதவி வந்துள்ளன. இன்று திரேஸ்புரம் முதல் மணப்பாடு வரையிலும், வடக்கே தருவைக்குளம், வேம்பார் வரையிலும் கரையில் நிற்கும் படகுகளைப் பார்ப்போர் மரம், கண்ணாடி இழை ஆகிய மேனிகளையே பெரும்பாலும் காண்பர். அலுமினியத் தகடு போர்த்திய மரப்படகும், முழுவதும் அலுமினியத்தாலான சிறு படகும் அருகியே உள்ளன. எனினும் பழைய அலுமினியப் படகு ஒன்று மலிவாகக் கிடைத்தால் அதை வாங்கி மெருகேற்றிப் பயன்படுத்தலாமே என்னும் எண்ணம் பலருக்கு எழுவது இயல்பு. அத்தகையோர் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு. மெருகு வேறு, காப்பு வேறு. ஒரு மேனிக்குக் காப்பாக உள்ள பொருள் மற்றொரு மேனிக்குப் பகையாகவும் முடியும்.

மர மேனி

மரப்படகுக்குப் பகை இரண்டு. ஒன்று, பலகைகளின் இடுக்கு வழியே நுழையும் நீர். மற்றது, கப்பற்புழு. புழு என்று பெயர் பெற்றிருந்தாலும் இது உண்மையில் புழுவன்று. முத்துச்சிப்பியைப் போன்று இரட்டை ஓடுடைய உயிரினங்களின் வகுப்பைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது ஊசித் துளையளவு வழி செய்து மரத்திற்குள் புகுந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தைக் குடைந்துவிடும். வெளியே பார்த்தால் பலகை நன்றாகவே தோன்றும். கரையான் அரித்த உத்தரத்தை அறிந்த விவசாயிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இவ்விரு பகைகளுக்கும் நம் முன்னோர் தக்க பரிகாரம் கண்டிருந்தனர். இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது கலப்பற்று எனப்படும். மரம் வெடிக்காமல் இருக்க மீனெண்ணெய் தடவுவர். புழு அண்டாதிருக்க அடிப்பாகத்தில் சுண்ணாம்பைக் கொழுப்புடன் குழைத்துப் பூசுவர். பிற்காலத்தில் செப்புத் தகடும், செம்பு கலந்த வண்ணமும் வழக்கத்திற்கு வந்தன. எண்ணெய், சுண்ணாம்பு, செம்பு ஆகிய இம்மூன்றும் மரத்தின் நண்பர்கள் என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

கண்ணாடி இழை மேனி

பழைய வள்ளத்தின்மீது கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் தோய்த்துப் போர்த்தினால் படகின் ஆயுள் நீடிக்கும். ஆனால், பல ஆண்டுகள் மீனெண்ணெய் குடித்த பலகையில் பிசின் சரியாகப் பிடிப்பதில்லை. ஈரப் பலகையிலும் அவ்வாறே. மரத்தின் ஈரம் நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேற்படாத நிலையில் போர்த்துவதே முறை. எண்ணெய்ப் படிந்த மேற்பரப்பைச் சீவி எடுக்காமலும், நிழலில் நன்கு உலர்த்தாமலும் அவசரமாகப் போர்த்தினால், உள்ளே அடைபட்ட ஈரம் பலகையை உளுக்கச் செய்யும். வெளியே பளபளப்பும் உள்ளே உளுப்புமாகப் படகு நிற்கும். மரத்தின் நண்பனான எண்ணெய் இங்கே பகையாகிவிட்டது.

அலுமினிய மேனி

அலுமினியம் நமக்குப் புதிய உலோகமன்று. 1898-ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். இன்று அலுமினியப் பாத்திரம் இல்லாத வீடு அரிது. படகுத் துறையிலும் இவ்வுலோகம் பயன்பட்டுள்ளது. மரப்படகுகளுக்குச் செப்புத் தகட்டின் இடத்தில் அலுமினியக் கலவைத் தகடு போர்த்தும் முறையை, 1957-இல் தொடங்கப்பெற்ற கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஆராய்ந்துள்ளது.

அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிர்வதில்லை. காற்றுப் பட்ட கணமே அதன்மீது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டாகிறது. அதனைக் கீறினாலும் காற்றுப் பட்டதும் மீண்டும் உண்டாகும். அலுமினியத்தின் உண்மையான காப்பு இப்படலமே. மெருகு ஏற்றும்போது நாம் செய்வது பழைய படலத்தைத் தேய்த்து நீக்குவதுதான். புதிய படலத்தை உலோகமே உண்டாக்கிக்கொள்கிறது. மங்கிய சாம்பல் நிறமுடைய பழைய படகு பழுதானது என்பதில்லை. கண்ணாடிபோல் மின்னும் படகு பழுதற்றது என்பதும் இல்லை.

இப்படலத்தைக் கெடுப்பவை எவை? முதலாவது சுண்ணாம்பு. சுண்ணாம்பும் சலவைக் காரமும் அலுமினியத்தைக் கரைக்கும் தன்மையுடையவை. அலுமினியச் சட்டியில் சுண்ணாம்பைக் குழைத்து வைத்தவர்கள் அதன் விளைவை அறிவர். மரத்திற்குப் பூசிய பழக்கத்தில் இதற்கும் பூசிவிடலாகாது. இரண்டாவது செம்பு. உப்பு நீரில் இரு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால், அவற்றுள் ஒன்று மற்றதற்காக அரிபடும். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படையினர் 'அலாரம்' என்னும் கப்பலின் அடிப்பாகத்தைச் செப்புத் தகட்டால் மூடினர். புழு அண்டவில்லை. ஆனால், பின்னர்ச் சோதித்தபோது செம்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரித்துப் போயிருந்தன. இடையில் காகிதம் கிழியாமல் இருந்த இடங்களில் ஆணிகள் கெடவில்லை. அங்கு இரும்புக்கு நேர்ந்ததே செம்பைத் தொடும் அலுமினியத்திற்கும் நேரும். ஆகவே, மரப்படகுக்கு வாங்கிய செம்பு கலந்த வண்ணத்தில் மீதி இருக்கிறதென்று அலுமினியத்தில் அடிப்பது பெரும் பிழை. மூன்றாவது, காற்றுப் புகாத ஈரம். நனைந்த வலையையும் சாக்கையும் நாட்கணக்கில் அலுமினியத் தளத்தில் குவித்து வைத்தால், அடியில் படலம் புதுப்பிக்கப்படாமல் குழிகள் விழும்.

செய்யும் முறை

பழைய அலுமினியப் படகைச் சீர்செய்ய விரும்புவோர் பின்வரும் வரிசையைக் கைக்கொள்ளலாம்.

முதலில் படகைக் கரையேற்றி, நல்ல நீரால் உப்புப் போகக் கழுவுதல் வேண்டும். ஒட்டியுள்ள பாசியையும் கொட்டலசையும் மரச் சட்டத்தால் சுரண்டுக. இரும்புச் சுரண்டியும் இரும்பு நாரும் கூடா. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்தால் அங்கே அரிப்புத் தொடங்கும்.

இரண்டாவதாக, பழுதைத் தேடுக. வெண்பொடி பூத்திருக்கும் இடத்தைத் துடைத்துப் பார்த்தால் அடியில் குழி இருப்பது தெரியவரும். படகுக்கு அடியில் நன்றாக முட்டுக் கொடுத்து, உள்ளே சிறிதளவு நீர் விட்டு, வெளியே எங்கே கசிகிறது என்று பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்க. குறித்த பின் நீரை இறைத்து, குறிகளையும் துடைத்துவிடுக. கடல்நீர் உள்ளே வரும் வழியை நிலத்திலேயே கண்டறிய இதைவிட எளிய முறை இல்லை.

மூன்றாவதாக, தளர்ந்த தறையாணிகளை இறுக்கி அடித்து, இணைப்புகளைக் கடலுக்கேற்ற பாலியூரித்தேன் பசையால் அடைத்தல் வேண்டும். தகடு மிகவும் மெலிந்திருந்தால் பசை உதவாது, தகட்டையே மாற்றவேண்டும். அதற்கு மக்னீசியம் கலந்த கடல் தரத் தகடே ஏற்றது. பாத்திரக் கடைத் தகடு ஆகாது.

நான்காவதாக, மேற்பூச்சு. கரையேற்றியே வைக்கப்படும் படகுக்கு வண்ணம் இன்றியமையாததன்று. நீர் தேங்காமல் காய்ந்து கிடந்தால் வெறும் உலோகமே தாங்கும். மெருகேற்றி மெழுகு பூச விரும்புவோர் அவ்வாறே செய்யலாம். ஆனால் அம்மினுமினுப்புச் சில மாதங்களே நிற்கும் என்பதை அறிந்து செலவழிக்கட்டும். எப்போதும் நீரில் கிடக்கும் படகுக்குப் பாசி பிடிக்காத வண்ணம் தேவை. தேய்த்துச் சுத்தம் செய்த அன்றே, புதிய படலம் தடிப்பதற்கு முன், எபாக்சி அடிப்பூச்சு இட வேண்டும். அதன்மேல் செம்பு கலவாத வண்ணமே அடிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, பித்தளை, எஃகு உறுப்புகளுக்கும் அலுமினியத்திற்கும் இடையே ரப்பர் அல்லது நைலான் வளையம் வைத்துப் பிரித்திடுக. துத்தநாகக் கட்டியை அடிப்பாகத்தில் பொருத்தினால், அது தான் அரிபட்டுப் படகைக் காக்கும். 1824-இல் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் கப்பலின் செப்புத் தகட்டைக் காக்கக் கண்ட வழியே இது. அக்கட்டியின்மீது வண்ணம் அடித்துவிட்டால் பயன் இல்லை. எஞ்சினைப் பழுதுபார்த்தபின் அடித்தளத்தில் செப்புக் கம்பித் துண்டு ஒன்றுகூட விழுந்து கிடவாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. பழுதுபார்க்கும் வேலைகள் மிகுதியாக நடைபெறும் காலம் இதுவே. கொளுத்தும் வெயிலில் பூசிய வண்ணமும் பிசினும் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே, கரையில் ஒரு பொதுக் கொட்டகையும், உப்புப் போகக் கழுவ நல்ல நீர்க் குழாயும் அமைத்துத் தருவது கடலோரப் பஞ்சாயத்துகளின் சக்திக்கு உட்பட்ட நற்பணியாகும். தனியொருவர் செய்தால் பாரமாகும்; ஊர் கூடிச் செய்தால் இலேசாகும்.

சுரண்டிய பழைய வண்ணத்தையும் கண்ணாடி இழைத் தூளையும் மணலில் விட்டுவிடுதல் தகாது. அவை அலையோடு கலந்து, மீன் குஞ்சு வளரும் கரையையே நஞ்சாக்கும். தார்ப்பாய் விரித்துச் சேகரித்து அகற்ற ஏற்பாடு செய்தல் வேண்டும். இழையைத் தேய்க்கும் தொழிலாளர் மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அணியுமாறு பார்த்துக்கொள்வதும் பஞ்சாயத்தின் பொறுப்பேயாகும். பழைய படகை வாங்க எண்ணுவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன், மீன்வளத் துறையினரையோ, 1977-இல் தூத்துக்குடியில் தொடங்கப்பெற்ற மீன்வளக் கல்லூரியினரையோ அணுகி ஆலோசனை கேட்பது சிக்கனமான வழி.

மரத்திற்கு எண்ணெயும் சுண்ணாம்பும் செம்பும் காப்பு. கண்ணாடி இழைக்கு உலர்ந்த சுத்தமான அடிப்பரப்பே காப்பு. அலுமினியத்திற்கு அதன் சொந்தப் படலமே காப்பு. வண்ணக்காரரை அழைப்பதற்கு முன், படகின் மேனி எது, அதற்கு ஏற்கெனவே பூசப்பட்டது எது என்னும் இரு கேள்விகளுக்கும் விடை காண்க. கரையில் கேட்கும் இவ்விரு கேள்விகள், கடலில் ஒரு குடும்பத்தின் உயிரையும் கடன் வாங்கிய முதலையும் காக்க வல்லவை.